உஷார்! கனடாவில் முதல் மூன்று மாதம்தான் கண்டம்

செப்டம்பரிலும் ஜனவரியிலும் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். அப்பா நிலத்தை அடமானம் வைத்த பணம், அம்மா கழற்றிக் கொடுத்த நகை, வங்கியில் வாங்கிய கல்விக் கடன் எல்லாம் அவர்களோடு வருகிறது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வெளியே வரும் முன்பே அந்தப் பணத்துக்கு வலை விரித்தாகிவிட்டது. இதே நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்துகொண்டு வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். விலைவாசியால் கரைவது ஒரு பங்குதான். அவசரத்தில் கொடுத்து, விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கரைவது அதைவிடப் பெரிது. இதில் மனசை அறுக்கும் விஷயம், ஏமாற்றுகிறவர்களில் தமிழில் பேசி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது.

ஊரில் கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லும் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். "ஜிஐசி கட்டிட்டீங்கன்னா ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்ல சார். பையன் பார்ட் டைம் போனா ஃபீஸையும் அவனே பாத்துப்பான்" என்பார்கள். நம்பாதீர்கள். ஜிஐசி என்பது படிக்க வருகிறவர் தன் வாழ்க்கைச் செலவுக்காகக் கனடிய வங்கியில் முன்கூட்டியே போட்டுவைக்கும் பணம். 2023 முடியும் வரை அது 10,000 டாலர். 2024 ஜனவரியில் 20,635 ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் தனி ஆளுக்கு 22,895 டாலர், ரூபாயில் ஏறக்குறைய 14 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,900 டாலர் சொச்சம். இதில் கல்லூரி ஃபீஸும் சேராது, விமான டிக்கெட்டும் சேராது. ஒருவர் சாப்பிட்டு, தூங்கி, பஸ் ஏறி வர இவ்வளவு வேண்டும் என்று அரசாங்கமே சொல்லும் தொகை இது.

அந்தப் பணமும் வந்த அன்றைக்கே முழுசாகக் கைக்கு வராது. கணக்கைத் திறந்ததும் வங்கி ஒரு தொகையைக் கொடுக்கும். மீதியை மாதாமாதம் பிரித்துத்தான் தரும். ஆனால் வாடகை, மெத்தை, குளிர் ஜாக்கெட், பூட்ஸ், போன், பஸ் கார்டு எல்லாம் முதல் வாரத்திலேயே வாசலில் வந்து நிற்கும். அங்கேதான் பிள்ளைகள் மூச்சுத் திணறுகிறார்கள். அந்தத் திணறலில்தான் கண்ட இடத்தில் கடன் வாங்குகிறார்கள். ஜிஐசியைத் தொடாமல் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பார்ட் டைம் கதையையும் பார்த்துவிடலாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17 டாலர் 60 சென்ட். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். முழு 24 மணி நேரமும் கிடைத்தால் வாரம் 422 டாலர், பிடித்தம் போகக் கொஞ்சம் குறையும். கிடைத்தால்! காபிக் கடையில் மேசை துடைக்கும் வேலைக்கு நேர்காணல் என்றாலும் கடை வாசலில் வரிசை நிற்கிற காலம் இது. முதல் வேலை கிடைக்க மூன்று நான்கு மாதம் ஆனவர்கள் நிறையப் பேர். பார்ட் டைம் வருமானத்தை வைத்து ஃபீஸ் கட்டுவோம் என்று திட்டம் போட்டு வந்தவர்கள் இரண்டாவது செமஸ்டரில் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

இனி வீடு. பணம் அதிகமாகப் பறிபோவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

விளம்பரம் இப்படி இருக்கும். ஸ்கார்பரோவில் ஒரு படுக்கையறை பேஸ்மென்ட், தனி வாசல், பஸ் நிறுத்தம் பக்கம், கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் சேர்த்து மாதம் 950 டாலர். படத்தில் வெள்ளைச் சுவர், புது அடுப்பு, ஜன்னல் வழியே வெயில். அந்த வாடகைக்கு அப்படி ஒரு தனி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், சென்னையில் உட்கார்ந்து போனில் பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில் வரும். வீட்டுக்காரர் வேலையாக வேறு மாகாணம் போயிருப்பார், அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வெளிநாடு போயிருப்பார். சாவியை கூரியரில் அனுப்புவார். உங்கள் பாஸ்போர்ட் படமும் ஸ்டடி பர்மிட் படமும் கேட்பார். நம்பிக்கைக்கு என்று தன் லைசென்ஸ் படத்தை அவரே அனுப்புவார். அது இதற்கு முன்னால் ஏமாந்த யாரோ ஒருவருடைய லைசென்ஸாக இருக்கும். ஆறு பக்கத்தில் ஒப்பந்தமும் வரும். கடைசியில், "இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க தம்பி. நீங்க ஸ்டூடன்ட்ங்கறதால உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். இன்னிக்கு ராத்திரிக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க."

பணம் போகும். விமானம் இறங்கி, டாக்சி பிடித்து, அந்த விலாசத்தில் மணி அடித்தால், பல வருஷமாக அங்கே குடியிருக்கும் ஒரு குடும்பம் கதவைத் திறக்கும். படங்கள் எல்லாம் எப்போதோ வந்த வீடு விற்பனை விளம்பரத்தில் இருந்து எடுத்தவை. போன ஜனவரியில் எங்கள் தெருவில் ஒரு பெண் இப்படித்தான் இரண்டு பெட்டியோடு பனியில் நின்றாள். எதிர்வீட்டு அக்கா உள்ளே கூப்பிட்டு இரண்டு நாள் வைத்துக்கொண்டார். 1,900 டாலர் போனது போனதுதான்.

நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குக் கல்லூரி விடுதியோ, தெரிந்தவர் வீடோ, தற்காலிக அறையோ பார்த்துக்கொண்டு வாருங்கள். அது செலவுதான், ஆனால் கணக்குத் தெரிந்த செலவு. இங்கே தெரிந்தவர் இருந்தால் அவரை வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் நின்று பார்த்துவிட்டு வருவது போதாது. இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர் என்ற வங்கிவழி முறையில் அனுப்பிய பணத்தை எதிராளி தன் கணக்கில் வாங்கிக்கொண்டுவிட்டால் திரும்ப இழுக்க வழி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

நிஜமான வீட்டுக்காரர்களிடமும் உஷார். ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி, வாடகை டெபாசிட்டாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகக் கழிய வேண்டிய பணம். முதல் மாதம், கடைசி மாதம், அவ்வளவுதான். "சுவர் கெட்டுப்போனால்" என்று தனி டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். சாவிக்கு வாங்கலாம், ஆனால் சாவியின் விலைக்கு மேல் வாங்கக் கூடாது, சாவியைக் கொடுத்ததும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "உனக்குக் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடு" என்பது இப்போது பழக்கமாகிவருகிறது. அப்படிக் கொடுத்துவிட்டு, ஹீட்டர் ஓடாத அறையில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஒன்டாரியோ அரசின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ரசீது வாங்குங்கள்.

நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இந்தச் சட்டத்தில் உண்டு. வீட்டுச் சொந்தக்காரரோடோ அவர் குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு இருப்பதாக ஏற்பாடு என்றால், இந்தச் சட்டம் உங்களைக் காக்காது. ஒரு குடும்பத்தின் வீட்டில் மேல் அறையை எடுத்து, அவர்கள் கிச்சனிலேயே சமைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். "நாளைக்கே காலி பண்ணு" என்றால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. நல்ல குடும்பமாக அமைந்தால் அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லைதான். ஆனால் சேரும்போதே எத்தனை நாள் முன்னறிவிப்பு, டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட் பார்க்கப் போகும்போது புது அடுப்பைப் பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் ஒரு ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே தூங்காதீர்கள்.

அடுத்து வருவது இன்னும் பயங்கரமானது. இதில் பணம் மட்டும் போவதில்லை, விசாவும் போகலாம். "அண்ணனுக்கு அக்கவுண்ட்ல ஒரு சிக்கல். உன் அக்கவுண்ட்ல மூவாயிரம் டாலர் செக் போடறேன். ஐந்நூறு நீ வெச்சுக்கோ, மீதிய நான் சொல்ற ஆளுக்கு அனுப்பிடு" என்று ஒருவர் வருவார். வேலை தருவதாகவும் இதே கதை வரும், வீட்டிலிருந்தே வேலை, முதல் சம்பளம் செக்காக வரும், அதில் பாதியை "பொருள் வாங்க" இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். செக் போட்ட மறுநாளே கணக்கில் பணம் தெரியும். அதைப் பார்த்து நம்பி அனுப்பிவிடுவீர்கள். வங்கி அந்தப் பணத்தைக் காட்டுவது ஒரு வசதிக்காக, செக் உண்மையில் பாஸாக இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து செக் போலி என்று திரும்பும்போது மூவாயிரமும் உங்கள் தலையில். கணக்கை முடக்குவார்கள். திருட்டுப் பணத்தைக் கைமாற்றியதாகப் போலீஸ் கேள்வியும் வரும். படிக்க வந்தவர் மேல் கிரிமினல் வழக்கு விழுந்தால் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கனவு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரி ஃபீஸிலும் இதே பாணி. "என் மூலமாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி." அவர் திருட்டு கிரெடிட் கார்டில் உங்கள் ஃபீஸைக் கட்டி, கல்லூரி ரசீதையும் காட்டுவார். நீங்கள் அவருக்கு ரொக்கம் கொடுப்பீர்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் அந்தக் கட்டணம் ரத்து. ரசீது உண்மையாக இருந்தது என்பதால்தான் இதில் புத்திசாலிப் பிள்ளைகளும் விழுகிறார்கள். ஃபீஸில் தள்ளுபடி தர வெளியாளுக்கு எந்த வழியும் கிடையாது.

வருமான வரித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் சின் நம்பர் மீது வழக்கு இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கைது செய்ய ஆள் வருகிறது என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கனடிய வரித் துறை கிஃப்ட் கார்டிலும் கிரிப்டோவிலும் பணம் வாங்குவதில்லை. குடிவரவுத் துறையும் போனில் மிரட்டிப் பணம் கேட்பதில்லை. சமூகக் காப்பீட்டு எண்ணான அந்த ஒன்பது இலக்க சின் நம்பரை வேலை கொடுப்பவர், வங்கி, வரித் துறை தவிர வேறு யாருக்கும் லேசில் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வேலை விஷயத்தில் என் கோபத்தை மறைக்க முடியவில்லை. "கேஷ் ஜாப்" என்று சேர்த்துக்கொண்டு, குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கிவிட்டு, கடைசி இரண்டு வாரச் சம்பளத்தைக் கேட்டால் "இமிக்ரேஷனுக்குச் சொல்லவா?" என்று மிரட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். "முதல் வாரம் ட்ரெயினிங், சம்பளம் இல்லை" என்பதும் தவறு, ஒன்டாரியோ சட்டப்படி பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்குத் தேவையான எல்எம்ஐஏ அனுமதியை வாங்கித் தருகிறேன், 30,000 டாலர் கொடு என்பது அதைவிடக் கொடுமை. அந்த விண்ணப்பத்துக்கான 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச் 25 முதல் பிஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். அது தெரிந்த பிறகும் புள்ளி ஏறும் என்று சொல்லி விற்கிறவன் மோசடிக்காரன்.

கார் வாங்க அவசரப்படாதீர்கள். காரின் விலையைப் பார்த்து வாங்கிவிட்டு இன்ஷூரன்ஸைப் பார்த்து அழுகிறவர்கள் அதிகம். புதிதாக வந்தவர்களுக்கு மாதம் 300, 400 டாலர் சொல்வது இங்கே சர்வ சாதாரணம். பக்கத்து நகரமான பிராம்ப்டன் விலாசம் என்றால் இன்னும் மேலே. அதைக் கேட்டு அதிர்ந்து நிற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்கு இன்ஷூரன்ஸ் தாள் தருவார். அது வெறும் தாள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் முதல் முறையே அபராதம் 5,000 டாலரிலிருந்து 25,000 வரை. வேறு ஊர் விலாசத்தைக் கொடுத்துப் பிரீமியத்தைக் குறைக்கும் யோசனையும் வேண்டாம், விபத்து நடந்த அன்று கம்பெனி கையை விரித்துவிடும். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு ஆர்டிஓ அலுவலகச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள், லைசென்ஸ் தேர்வுக்காகக் காத்திருக்கும் காலம் குறையும்.

கிரெடிட் கார்டு வேண்டும்தான். இங்கே கிரெடிட் ஸ்கோரை ஏற்ற அது உதவும். ஆனால் "மினிமம் பேமென்ட்" என்ற வரியைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள், வட்டி 20 சதவீதத்தை ஒட்டி ஓடும். தெருமுனையில் மஞ்சள் விளக்குப் போட்டு "பேடே லோன்" (சம்பள நாள் வரைக்குமான கடன்) என்று எழுதியிருக்கும் கடைக்குள் காலே வைக்காதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து நூறு டாலருக்கு 14 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு 14 என்றால் வருஷக் கணக்கில் 364 சதவீதம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு கேட்பதில்லை.

சாப்பாட்டுச் செலவு, இவற்றோடு பார்த்தால், நம் கையில் இருக்கிற விஷயம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். கடையில் காய்கறிக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஒரு பவுண்டின் விலை. கிலோ விலை அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வெண்டைக்காய் 3.99 என்று கை நிறைய அள்ளினால், பில்லில் கிலோ 8.80 என்று வரும். உணவகத்திலும் துணிக்கடையிலும் பலகையில் உள்ள விலைக்கு மேல் 13 சதவீதம் எச்எஸ்டி வரி ஏறும் என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

குடும்பத்தோடு குடியேறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அப்பா அம்மாவை விசிட்டர் விசாவில் அழைத்துவரும்போது மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். "மூணு மாசம்தானே, என்ன ஆயிடும்" என்பார்கள். ஒன்டாரியோ ஹெல்த் கார்டு இல்லாத ஒருவர் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் இரண்டு இரவு படுத்தால் பில் ஆயிரக்கணக்கான டாலர். ஆம்புலன்ஸுக்கே 240 டாலர். பெற்றோர் நீண்ட காலம் தங்க வரும் சூப்பர் விசா என்றால் குறைந்தது ஒரு வருஷத்துக்கு 1,00,000 டாலர் காப்பீடு கட்டாயம் என்று அரசாங்கம் வைத்திருப்பதே இதனால்தான்.

நம் ஆட்களுக்குள்ளேயே ஓடும் சீட்டு பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. தெரிந்த முகம், நம் பாஷை, கோயிலில் பார்த்த மனிதர் என்று நம்பி, வந்த வருஷமே மாதம் ஐந்நூறு டாலர் கட்டத் தொடங்குகிறார்கள். எடுத்தவர்கள் கட்டாமல் விட்டாலோ, பிடித்தவர் ஒரு நாள் போனை அணைத்துவிட்டாலோ உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பிஆர் வந்து, வேலை நிலைத்து, ஆட்களைப் பல வருஷம் பார்த்த பிறகு உங்கள் விருப்பம். முதல் இரண்டு வருஷம் சீட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு அறைக்குள் உட்காராதீர்கள். பணம் போனது தெரிந்த அன்றைக்கே வங்கிக்கு போன் செய்யுங்கள். போலீசில் புகார் எழுதுங்கள். கனடிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 1-888-495-8501. தங்க இடம் இல்லை, சாப்பாட்டுக்கு வழி இல்லை என்றால் 211-ஐ அழையுங்கள், எந்த ஏரியாவில் யாரைப் பார்க்கலாம் என்று சொல்வார்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிருந்து பிள்ளை திடீரென்று பணம் அனுப்பச் சொன்னால் திட்டாதீர்கள், அனுப்பவும் அவசரப்படாதீர்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறாய், எதற்கு, அந்த ஆளை நேரில் பார்த்தாயா என்று பொறுமையாகக் கேளுங்கள். பார்க்கவில்லை என்று சொன்னால், ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.